குறுக்கே வரும் எழுத்து

குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறவர்களிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: ‘நீங்களே போட்டீர்களா, யாரிடமாவது கேட்டீர்களா?’ நாளிதழின் ஒரு மூலையில் வரும் பொழுதுபோக்கைப் பற்றிய கேள்விதான். ஆனாலும் அதில் ஒரு நீதிமன்றத் தொனி இருக்கிறது. தானே போட்டவர் அறிவாளி. கேட்டுப் போட்டவர் கொஞ்சம் மட்டம்.

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு புதிரின் நூறாண்டு வரலாற்றைப் படித்தால் வேறொரு கணக்குக் கிடைக்கிறது. தனியாகச் செய்ததாகச் சொல்லப்படும் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பெண் நிற்கிறாள். அவள் செய்த வேலைக்கு ‘உதவி’ என்று பெயர். ‘உதவி’ என்று எழுதிவிட்டால் பெயரை எழுத வேண்டியதில்லை. கூலியையும் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. நம் சமையலறைகளுக்கும் வயல்களுக்கும் இது புதிய செய்தி அல்ல. அறிவின் விளையாட்டு என்று பெயர் பெற்ற இடத்திலும் இதே ஏற்பாடுதான் இருந்தது என்பதை மட்டும் இங்கே எழுதி வைக்க விரும்புகிறேன்.

1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழின் ஞாயிறு இணைப்பில் முதல் குறுக்கெழுத்துப் புதிர் வந்தது. அமைத்தவர் ஆர்தர் வின். இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். வைர வடிவில் கட்டங்கள். நடுவில் ஓர் ஓட்டை. அதற்கு அவர் வைத்த பெயர் ‘வேர்ட் கிராஸ்’. சில வாரங்களில் அச்சுக்கூடத்தில் பெயர் தலைகீழாகி ‘கிராஸ் வேர்ட்’ ஆயிற்று, அப்படியே நிலைத்தது. இதுவரை எல்லோரும் சொல்லும் கதை.

இதற்கு அடுத்த வரியை அதிகம் பேர் சொல்வதில்லை. வாரந்தோறும் புதிர் அமைப்பது வின்னுக்குச் சுமையாக, வாசகர்கள் தாங்களே அமைத்து அனுப்பத் தொடங்கினார்கள். 1914 பிப்ரவரியில், வின் அல்லாத ஒருவரின் பெயரோடு முதல் புதிர் அச்சானது. அந்தப் பெயர், மிஸஸ் எம்.பி. வுட். புதிர் பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு பெண் அதன் ஆக்கத்துக்குள் வந்துவிட்டார். அவரை வரலாறு வைத்திருக்கும் விதத்தைப் பாருங்கள். அக்கால வழக்கில் ‘மிஸஸ்’ என்பதற்குப் பின்னால் வரும் தலைப்பெழுத்துகள் பெரும்பாலும் கணவருடையவை. அமைத்தவர் என்று முதன்முதலாகப் பெயர் போட்டுக்கொண்ட பெண்ணே அங்கே ஒரு நிரப்பாத கட்டம்தான்.

அடுத்து வந்தவரின் பெயர் நமக்கு முழுதாகத் தெரியும். மார்கரெட் பெதர்பிரிட்ஜ், 1897இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். பெண்களுக்கான ஸ்மித் கல்லூரியில் படித்தவர். பத்திரிகையாளர் ஆக வேண்டும் என்ற ஆசையோடு ‘வேர்ல்ட்’ அலுவலகத்துக்கு வந்தார். கிடைத்தது ஞாயிறு பதிப்பின் ஆசிரியருக்குச் செயலாளர் வேலை. வேறு யாரும் விரும்பாத ஒரு பொறுப்பையும் அவர் மேசையில் வைத்தார்கள். குறுக்கெழுத்தைப் ‘பார்த்துக்கொள்ள’ வேண்டும். எழுத்துப் பிழையோடும் விடுபட்ட குறிப்புகளோடும் தவறான எண்களோடும் வந்துகொண்டிருந்த புதிர்கள் அவை. முதலில் அவரும் அதை ஒரு பொருட்டாக எண்ணவில்லை. பார்வைக்கு அழகாக இருக்கும் கட்டத்தை எடுத்து அச்சுக்கு அனுப்பிவிடுவார்.

அதே பத்திரிகையில் பத்தி எழுதிய ஃபிராங்க்ளின் பி. ஆடம்ஸ் புதிர்ப் பைத்தியம். தவறுகளைச் சுட்டிக்காட்டி விடாமல் குறை சொன்னார். ஒருநாள் மார்கரெட் உட்கார்ந்து தன் பத்திரிகையின் புதிரைத் தானே போட்டுப் பார்த்தார்; வாசகர்கள் படும் பாடு அப்போதுதான் புரிந்தது. அகராதியின் மேல் ஒரு கையை வைத்து, மறுகையைத் தூக்கி, இனி இதைச் சரிசெய்வேன் என்று சத்தியம் செய்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதன்பின் ஒவ்வொரு புதிரையும் அச்சுக்கு முன் போட்டுப் பார்த்தார், குறிப்புகளின் நடையைச் சீராக்கினார், எங்கோ அரைமாட்டில் பேச்சில் மட்டும் கிடக்கும் சொற்களைக் களைந்தார். இன்று நாளிதழ்ப் புதிரில் நாம் இயல்பு என்று எடுத்துக்கொள்ளும் நேர்த்தியில் பெரும்பகுதி, ஒரு செயலாளரின் மேசையில் ‘உதவி’ என்ற தலைப்பின் கீழ் நடந்த வேலை.

1924இல் இன்னொரு பெண் வருகிறார், இம்முறை ஒரு கேள்வியோடு. ரிச்சர்ட் சைமன் என்ற இளைஞர் நண்பர் மேக்ஸ் ஷூஸ்டரோடு சேர்ந்து பதிப்பகம் தொடங்கியிருந்தார். கையில் அச்சிட நூல் இல்லை. புதிர்களை மட்டும் தொகுத்த புத்தகம் எங்கே கிடைக்கும் என்று சைமனின் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் கேட்டார். (ஆங்கிலத்தில் ‘ஆன்ட்’ என்றே சொல்கிறார்கள், நம் மொழியென்றால் அத்தையா சித்தியா பெரியம்மாவா என்று தெரிந்திருக்கும்.) அப்படியொரு புத்தகம் உலகில் இல்லை. மார்கரெட்டையும் ‘வேர்ல்ட்’ அலுவலகத்தில் அவரோடு பணியாற்றிய இரண்டு ஆண்களையும் கொண்டு அந்த ஏப்ரலில் புத்தகம் வந்தது. கூடவே ஒரு பென்சில். முதல் பதிப்பு 3,600 படிகள். பதிப்பகத்தின் நற்பெயர் கெட்டுவிடுமோ என்ற தயக்கத்தில் அட்டையில் தங்கள் பெயரைப் போடாமல் வேறொரு பெயரில் வெளியிட்டார்கள். சில மாதங்களில் விற்பனை லட்சத்தைத் தாண்டியது. ‘சைமன் அண்ட் ஷூஸ்டர்’ என்ற பெரும் பதிப்பகம் நின்றது இந்த அடித்தளத்தின் மேல்தான். கடை விரிக்க ஒரு பெண்ணின் கேள்வியும் ஒரு பெண்ணின் உழைப்பும். கடைக்குப் பெயர் இரண்டு ஆண்களுடையது.

அந்த ஆண்டு அமெரிக்காவே பென்சிலோடு அலைந்தது. அகராதி விற்பனை எகிறியது. பால்டிமோர் – ஓஹாயோ இரயில் நிறுவனம் பயணிகளுக்காக வண்டியில் அகராதி வைத்தது. புதிர்க்காரர்கள் அகராதிகளையும் கலைக்களஞ்சியங்களையும் மொய்த்துக்கொள்வதால் ‘உண்மையான’ வாசகர்களுக்கு இடமில்லை என்று நியூயார்க் பொது நூலகம் முறையிட்டது. 1924 நவம்பரில் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதைப் பாவகரமான நேர விரயம் என்று தலையங்கத்தில் சாடியது. இந்தச் சலிப்பின் கீழே இருப்பது, உதவி தேடும் கூட்டத்தின் மேல் உள்ள எரிச்சல். அறிவு யாருக்கென்று நூலகத்தில் இடம் ஒதுக்கியிருந்தார்களோ, அவர்கள் அல்லாதவர்கள் வந்து அகராதியைப் புரட்டினார்கள். கேலிச்சித்திரங்களில் கருகிய ரொட்டியும் காத்திருக்கும் கணவனும் இடம்பிடித்தார்கள். ஓர் ஆண் புதிர் போட்டால் மூளைக்கு வேலை, பெண் போட்டால் அடுப்பு அணைந்தது.

இந்த இடத்தில்தான் ரூத் ஹேல் வருகிறார். புதிர் வரலாற்றிலும் பெண்ணிய வரலாற்றிலும் தனித்தனியாக இவர் பெயர் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. பத்திரிகையாளர். 1917இல் பத்தி எழுத்தாளர் ஹேவுட் புரூனை மணந்தார். மணந்தபின்னும் ரூத் ஹேலாகவே இருந்தார். ‘மிஸஸ் ஹேவுட் புரூன்’ என்ற பெயரில் அமெரிக்க அரசு கடவுச்சீட்டு கொடுத்தபோது வாங்க மறுத்தார். பயணம் போனாலும் பரவாயில்லை என்றார். 1921இல் தொடங்கிய ‘லூசி ஸ்டோன் லீக்’ அமைப்பின் தலைவரானார். மணத்துக்குப் பின்னும் பெண் தன் பெயரை வைத்துக்கொள்ளும் உரிமைக்கான அமைப்பு அது. 1855இல் மணந்த பிறகும் தன் பெயரை விடாத லூசி ஸ்டோனின் பெயரைத் தாங்கியது.

இதே ரூத் ஹேல்தான் 1924இல் உருவான அமெரிக்க அமெச்சூர் குறுக்கெழுத்துக் கழகத்தின் தலைவர். அந்தக் கழகம் புதிர் அமைப்பதற்கு விதிகள் வகுத்தது. கட்டங்கள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னியிருக்க வேண்டும். கறுப்புக் கட்டங்கள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. வடிவம் இருபுறமும் ஒத்திருக்க வேண்டும். நான்காவதாக ஒரு விதி: வேறொரு சொல்லோடு குறுக்கிடாத எழுத்துகள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

என் கண்ணில் இந்த நான்காவது விதிதான் முக்கியமானது. குறுக்கெழுத்தில் ஓர் எழுத்து இரண்டு சொற்களுக்குச் சொந்தம். இடமிருந்து வலமாகப் போகும் சொல் எனக்குத் தெரியாவிட்டால், மேலிருந்து கீழாக வரும் சொற்கள் ஒவ்வோர் எழுத்தாகக் கொண்டுவந்து கொடுக்கும். குறுக்கிடாத எழுத்து என்றால் அந்த இடத்தில் உதவிக்கு ஆள் இல்லை. தெரிந்தால் உண்டு, இல்லையேல் வெறுங்கட்டம். அத்தகைய இடங்களைக் குறைக்க வேண்டும் என்று விதி எழுதுவது, உதவியைப் புதிரின் எலும்பிலேயே வைத்துக் கட்டுவது. பிற்கால அமெரிக்க நாளிதழ்ப் புதிர்கள் அந்தப் பத்தில் ஒன்றையும் ஒழித்துவிட்டன. எல்லா எழுத்தும் இரண்டு சொல்லில் நிற்கும். பிரிட்டிஷ் மரபுப் புதிரில் ஏறத்தாழப் பாதி எழுத்துகள்தான் குறுக்கிடும். நம் ஊர் ஆங்கில நாளிதழ்களின் புதிர்கள் பெரும்பாலும் அந்தப் பிரிட்டிஷ் வழியில் வந்தவை.

ஆகவே, ‘யாரிடமாவது கேட்டீர்களா?’ என்ற கேள்விக்குப் புதிரின் அமைப்பே பதில் வைத்திருக்கிறது. தெரிந்ததைக் கொண்டு தெரியாததைக் கேட்காமல் இதை யாரும் முடித்ததில்லை. தன் பெயர் தன்னுடையது என்று வாதாடிய ஒரு பெண், எந்தச் சொல்லும் தனியே நிற்கத் தேவையில்லை என்ற விதிக்கும் தலைமை தாங்கினார். இவை இரண்டும் முரண் இல்லை. தன் பெயரோடு நிற்பவளால்தான் கூச்சமில்லாமல் கை கொடுக்கவும் கை கேட்கவும் முடியும்.

ஆனால் எந்தெந்தச் சொற்கள் கட்டத்துக்குள் வரும் என்பதில் சமத்துவம் இல்லை. ஆங்கிலப் புதிர்களில் ஓயாமல் வரும் சிறுசொற்கள் சில உண்டு. மெல் ஆட் என்ற பேஸ்பால் ஆட்டக்காரர் இறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மூன்றெழுத்துப் பெயர் என்பதால் புதிரில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார். பேஸ்பால் மட்டையைத் தொட்டே பார்க்காத நான் அவரை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். ‘எட்வீ’ என்று இன்னொரு சொல். ஆங்கிலத்தில் நாலெழுத்து, அதில் மூன்று உயிர். பிரெஞ்சிலிருந்து வந்தது, ஊசி, சிறு கத்தரிக்கோல் வைக்கும் அலங்காரப் பெட்டி. பெண்களின் மடியிலிருந்த பொருள் வழக்கொழிந்துவிட்டது. சொல் மட்டும் உயிரெழுத்துகளின் தயவில் பிழைத்திருக்கிறது. அந்தப் பெட்டியை வைத்துத் தைத்தவளின் பெயர் எந்தக் கட்டத்திலும் இல்லை.

மார்கரெட் வகுத்த நெறிகளுக்கும் ஒரு விலை இருந்தது. காலை உணவு மேசையில் முகஞ்சுளிக்க வைக்கும் நோய், சாவு, உடல் உபாதை எதுவும் புதிரில் கூடாது என்றார். ஆறுதலுக்காகப் புதிரை நாடும் வாசகரை நினைத்துச் செய்தது. அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் முகஞ்சுளிப்பு என்ற அளவுகோலை யார் கையில் எடுத்தாலும் மாதவிடாயும் கருப்பையும்தான் முதலில் வெளியேறுகின்றன. துப்பாக்கியின் பாகங்கள் உள்ளேயே இருந்துவிடுகின்றன.

கடலுக்கு இந்தப் பக்கம் இருந்த ஓர் உதவியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். என் பெரியப்பா தமிழ் நாளிதழின் குறுக்கெழுத்தைத் தினமும் போடுவார். கூடத்துச் சாய்வுநாற்காலியில் அவர், பெரியம்மா அடுக்களையில். “இந்தா, நெல் அளக்கிற பழைய அளவை, மூணு எழுத்து” என்று அங்கிருந்தே குரல் கொடுப்பார். “குறுணின்னு போடுங்க” என்று தாளிக்கும் சத்தத்துக்கு நடுவில் பதில் வரும். “ராமாயணத்துக் கூனி, நாலு எழுத்து.” “மந்தரை.” களத்துமேட்டில் நெல் அளந்தவர் பெரியம்மா. கதாகாலட்சேபம் ஒன்று விடாமல் கேட்டவரும் அவரே. காலை டிபன் மேசைக்கு வரும்போது பெரியப்பா சொல்வார்: “இன்னிக்கு அரைமணியில முடிச்சுட்டேன்.” பெரியம்மா மறுத்ததில்லை. அவர் கையில் ஒருநாளும் அந்தப் பென்சிலைப் பார்த்ததில்லை என்பது, நான் வரலாறு படிக்கப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

தமிழ்க் கட்டத்தில் இந்தக் கொடுக்கல் வாங்கல் இன்னும் இறுக்கமானது. ஆங்கிலத்தில் குறுக்கே வரும் எழுத்து ஒரு மெய்யையோ உயிரையோதான் தரும். தமிழில் ‘ரை’ என்று ஒரு கட்டம் நிரம்பினால் மெய்யும் உயிரும் சேர்ந்தே கிடைக்கும். மந்தரையின் ‘ரை’ வழியே ‘குதிரை’யைச் சட்டென்று பிடித்துவிடலாம். போடுபவருக்கு அது கூடுதல் உதவி. அமைப்பவருக்கோ நெருக்கடி, 247 எழுத்துகளுக்குள் பொருந்துகிற ஒன்றைத் தேட வேண்டும். வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று நான்கு திசையிலும் நம் புதிர்கள் ஓடுவதும், ‘எழுத்துகள் கலைந்துள்ளன’ என்று குறிப்பு போடுவதும் இதனால்தான்.

பெரியம்மாவுக்கு இணையான ஒருவர் லண்டனிலும் இருந்தார். ‘டார்க்கமேடா’ என்ற புனைபெயரில் ‘அப்சர்வர்’ ஞாயிறு இதழில் 1926 முதல் புதிர் எழுதிய எட்வர்ட் போய்ஸ் மேதர்ஸ், கடினமான சொல்விளையாட்டுப் புதிரின் தந்தை என்று போற்றப்படுகிறார். சொற்களின் பட்டியலை அவர் கொடுப்பார்; அவற்றைக் கட்டத்துக்குள் பொருத்தி வடிவம் தந்தவர் மனைவி ரோசமண்ட். அதன்பிறகே அவர் குறிப்புகளை எழுதுவார். புதிர் அமைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சொற்களைப் பின்னுவது பாதி வேலை. தந்தை என்று ஒருவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். தாய் யார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

‘நியூயார்க் டைம்ஸ்’ கடைசியில் வழிக்கு வந்தது. பாவம் என்று எழுதிய பதினெட்டாம் ஆண்டில், அமெரிக்கா போருக்குள் நுழைந்த சில வாரங்களில், 1942 பிப்ரவரி 15 அன்று ஞாயிறு புதிரைத் தொடங்கியது. 1950 முதல் தினசரிப் புதிர். அதற்கு ஆசிரியராக அழைக்கப்பட்டவர் மார்கரெட்தான். 1926இல் பதிப்பாளர் ஜான் ஃபாரரை மணந்து மார்கரெட் ஃபாரர் ஆகியிருந்தார். ஏறத்தாழ 27 ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். செயலாளராகத் தொடங்கியவர் ஒரு துறையையே உருவாக்கி முடித்தார். 1984இல் இறந்தார்.

அவருக்குப் பின் ‘டைம்ஸ்’ புதிர்ப் பக்கத்துக்கு மூன்று ஆண்கள் வரிசையாக ஆசிரியர்களானார்கள். மூன்றாமவரான வில் ஷார்ட்ஸ் 1993இல் பொறுப்பேற்ற பிறகுதான் வாரநாள் புதிர்களிலும் அமைத்தவர் பெயர் அச்சாகத் தொடங்கியது. பெயர் வந்தது நல்லது. பெயர் வந்ததால் எண்ணவும் முடிந்தது. எண்ணிப் பார்த்தபோது, முந்தைய காலத்தைவிடப் பெண்களின் பங்கு குறைந்திருப்பது தெரிந்தது. கட்டம் நிரப்பும் மென்பொருள்கள் வந்ததும் இது கணினி தெரிந்த ஆண்களின் களமாக மாறியது ஒரு காரணம் என்று வாதிடுகிறார்கள். பெண்கள் தொடங்கி, பெண்கள் செப்பனிட்ட ஒரு வேலை. அதற்கு மதிப்பு வந்ததும் கை மாறிய கதை.

இதற்கான எதிர்வினைதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. 2019இல் லாரா பிரான்ஸ்டீனும் டிரேசி பென்னட்டும் ‘இன்குபேட்டர்’ என்ற புதிர்த் தொடரைத் தொடங்கினார்கள். அமைப்பவர்கள் பெண்களும் பெண்ணாகத் தம்மை உணர்பவர்களும். ‘டைம்ஸ்’ புதிர்ப் பக்கத்தின் ஆசிரியர் குழு மாற வேண்டும் என்று 2020இல் நூற்றுக்கணக்கான புதிர்க்காரர்கள் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினார்கள். புதிதாக அமைக்க வருபவர்களை, குறிப்பாக இதுவரை வாசலில் நின்றவர்களை, அனுபவசாலிகளோடு இணைக்க முகநூலில் குழு உருவானது. அங்கே முதல் புதிர் பெரும்பாலும் இரண்டு பெயர்களோடு அச்சாகிறது: கற்றுக்கொண்டவர், கற்றுக்கொடுத்தவர். உதவி என்ற சொல்லுக்குள் புதைந்திருந்த பெயரைத் தோண்டி வெளியே எடுக்க இதைவிட எளிய வழி இல்லை.

உதவி கேட்பது இழுக்கு என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், தங்கள் வாழ்நாள் முழுக்க உதவி பெற்றவர்கள். அடுக்களையிலிருந்து வந்த பதிலும் செயலாளரின் மேசையும் மனைவி வரைந்த கட்டமும் அவர்களுக்கு உதவியாகவே தோன்றவில்லை; காற்றுப்போல இருந்தன. எனவே பெண்கள் இனி யாரிடமும் கேட்காமல் தனியே முடித்துக் காட்ட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அது அவர்களின் பொய்யை நாம் உண்மையாக்கும் முயற்சியாகிவிடும். கேட்போம், தாராளமாகச் சொல்வோம். கூடவே ஒரு பழக்கத்தை மாற்றுவோம். நாளிதழ்ப் புதிர் முதல் முனைவர்பட்ட ஆய்வேட்டின் நன்றியுரை வரை, ‘உதவி’ என்று எழுதக் கை போகும்போது ஒரு நொடி நிறுத்தி, அவள் செய்த வேலை என்ன என்று கேட்டு, அதன் பெயரையும் அவள் பெயரையும் எழுதுவோம்.

என் பெரியம்மாவின் பெயர் மங்கையர்க்கரசி. கட்டத்தில் ஒன்பது எழுத்து.